முதற் பனையை யார் கண்டது?

கடந்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை யாழ்ப்பாணம் போவதற்காக வெள்ளவத்தையில், காலி வீதி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்த வீதியில் நின்றவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும் சொகுசு பேருந்துகள், நடைபாதையை அடைத்துக் கிடக்கும் பொதிகள், கையில் சிட்டையோடு பெயர் கூப்பிடும் பையன்கள். விடுமுறைக் காலமாகையால் வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் நிறைய.

எனக்குப் பக்கத்து வரிசையில் அப்படியொரு குடும்பம். தாய், தகப்பன், ஆறும் ஒன்பதும் மதிக்கத்தக்க இரண்டு பையன்கள். ஏறியதும் தாயார் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, சார்ஜ் போட இடம் இருக்கோ?" என்பதுதான். இருக்கிறது என்று அறிந்ததும் அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் பார்த்தேன். பேருந்து பம்பலப்பிட்டியைத் தாண்டுமுன் இரண்டு திரைகள் ஒளிர்ந்தன. யன்னற் சீலை இழுத்து மூடப்பட்டது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தாரையும் ஏற்றிக்கொண்டு வண்டி நகரை விட்டு வெளியேறியபோது, பிள்ளைகள் இருவரும் அந்த இடத்திலேயே இல்லை.

சிலாபம் கடந்து எங்கோ ஓரிடத்தில் சின்னவன் சீலையை விலக்கி வெளியே பார்த்து, "அம்மா, இது எந்த இடம்?" என்று கேட்டான். "இன்னும் நல்ல தூரம் இருக்கு. பேசாமல் வீடியோவைப் பாருங்கோ" என்றார் தாயார், கண்ணைத் திறவாமலே. பிள்ளை சீலையை விட்டான். அவ்வளவுதான். விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது, "வழியில என்ன பாத்தீங்கள் தம்பி?" என்று நான் விசாரித்தேன். மூன்று கார்ட்டூன்களின் பெயரை ஒழுங்காகச் சொன்னான். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம் செய்த பிள்ளை அவன்.

அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. பத்து மணித்தியால விமானப் பயணம், கொழும்பு வெக்கை, இரண்டு நாள் கடை அலைச்சல், அதற்குமேல் இந்த இரவுப் பயணம். அவரும் மனுசிதான். ஆனால், "பேசாமல் வீடியோவைப் பாருங்கோ" என்பது இன்று அவர் ஒருவருடைய வாக்கியமல்ல. கொழும்பிலிருந்து வடக்கே போகும் ஒவ்வொரு வாகனத்திலும் நம்மவர் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொது வாக்கியமாகிவிட்டது. பிரயாணத்தில் பிள்ளைகளைச் சந்தோஷமாக வைத்திருத்தல் என்பதற்கு, பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருத்தல் என்று பொருள் கொண்டுவிட்டோம். இந்தப் பொருள்கோடல் பிழையானது. மற்றெந்த வீதியிலும் அது சிறு பிழையாக இருக்கலாம். இந்த வீதியில் அது பெரும் பிழை என்பதே என் வாதம்.

சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். எழுபதுகளில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தோம். அப்பா அரசாங்க எழுதுவினைஞர். வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போவது யாழ்தேவியில். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய அந்தப் புகையிரதத்தில் காலையில் கோட்டையில் ஏறினால், பிற்பகலில் யாழ்ப்பாணம். நான்கு பிள்ளைகள், ஒரு யன்னல். யன்னலுக்காகச் சண்டை. பொல்காவலைவரை ஒருவன், மாகோவரை மற்றவள் என்று அம்மா பங்கு பிரித்துத் தருவார். இறால் வடைக்காரர் பெட்டிக்குப் பெட்டி வருவார். வவுனியா தாண்டியதும் அப்பா பரீட்சை வைப்பார்: "ஓமந்தைக்குப் பிறகு?" புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, எழுதுமட்டுவாள், கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரி, நாவற்குழி. பெருக்கல் வாய்பாட்டுக்கு முன்னர் நான் மனனம் செய்தது இந்தப் பட்டியலைத்தான். ஆனையிறவு என்றால் என்ன, யானைகளை நீரைக் கடத்திக் கொண்டுபோன துறை. பரவைக்கடல் ஏன் இப்படி ஆழமில்லாமல் கிடக்கிறது? உப்பு எப்படி விளைகிறது? ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. அதிற் பாதி பொய்யாகவும் இருந்திருக்கலாம். அதனால் நட்டமொன்றுமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய விளையாட்டு முதற் பனை. வடக்கு நோக்கிப் போகையில் முதற் பனையைக் காண்பவருக்கு அப்பா பத்துச் சதம் தருவார். அது தென்னையா, கமுகா, பனைதானா என்று ஒவ்வொரு தடவையும் வழக்கு. அப்பாவே நீதவான். அந்தப் பத்துச் சதத்துக்காக நாங்கள் மணிக்கணக்காகக் கண் இமையாமல் வெளியே பார்த்திருந்தோம். காடு வயலாவதையும், செம்மண் வெண்மணலாவதையும், மரங்கள் மாறுவதையும் யாரும் பாடமாகச் சொல்லித்தராமலே கண்டோம். எங்களைச் சந்தோஷப்படுத்த அப்பாவுக்குச் செலவானது பத்துச் சதம்.

இது ஏதோ எங்கள் வீட்டு வழக்கமல்ல. வழியைச் சொல்லிக்கொண்டே போவது தமிழரின் மிகப் பழைய பண்பு. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். வழிச்செல்வோனுக்கு எந்த மலை, எந்தக் காடு, எந்த ஊரில் என்ன சோறு என்று எடுத்துச் சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்தோம். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கும் பகுதிக்கு இளங்கோ வைத்த பெயர் நாடுகாண் காதை. நாட்டைக் காண்பது பயணத்துக்கு இடையூறாக அங்கே கருதப்படவில்லை. அதுவே காதைக்குத் தலைப்பானது. கொஞ்சத் தூரம் நடந்ததுமே களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். இன்னும் முப்பது காதம் கிடக்கிறது என்பதைக் கோவலன் கலங்கிய சிரிப்போடு சொல்கிறான். பல்கலைக்கழகத்தில் அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு யாழ்தேவிதான் நினைவுக்கு வந்தது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்பது பிள்ளைகளின் தொல்லையல்ல, பயணத்தின் ஆதிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லலாம், பதிலோடு ஒரு கதையும் சொல்லலாம். கேள்வியையே அணைத்துவிட ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தது நமது காலம்.

சரி, இது எல்லா ஊருக்கும் பொருந்தும் புலம்பல்தானே, இந்த வீதியில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள்.

இந்த வீதியில் நம் பிள்ளைகளை நாம் மௌனமாக வைத்திருந்த ஒரு காலம் உண்டு. 1990 ஜூனில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வருவது நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டு மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களில் கடந்தார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது. 1993 ஜனவரியில் அந்த நீரிலேயே பயணிகள் கொல்லப்பட்டார்கள். அழுத குழந்தையின் வாயைக் கையால் பொத்தியபடி கரைசேர்ந்த தாய்மாரோடு நான் பேசியிருக்கிறேன். அன்று பிள்ளை சத்தம் போட்டால் உயிர் போகும். இன்று பிள்ளை சத்தம் போட்டால் பக்கத்து இருக்கைக்காரரின் நித்திரை போகும். இரண்டுக்கும் ஒரே மருந்தா?

2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது. ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, இரு தரப்பாருக்கும் பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் ஏறிப் போனோம். ஒரே வீதியில் கொடி மாறுவதைக் கண்ட பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். நாங்கள் "உஷ்" என்றோம். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடியும் மூடியது. 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் அதிகாலையில் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, பெரும்பாலானோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. இன்று நீங்கள் இருக்கை இலக்கம் பார்த்து ஏறும் அதே காலி வீதிப் பக்கத்திலிருந்து, அதே திசையில், விருப்பமில்லாமல் ஏற்றப்பட்ட பேருந்துகளும் போயிருக்கின்றன. அதைக் கொழும்பில் வளரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

பின்னர் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போனது. இருபத்துநான்கு வருஷம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட, இந்தியக் கடனுதவியில் அந்தப் பாதையைப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. குடாநாட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குப் புகையிரதம் பாடப்புத்தகத்துப் படமாகவே இருந்தது. அவ்வளவு விலை கொடுத்து மீட்ட பாதையில், பகலில், யன்னலோரத்தில் இருத்தப்பட்ட பிள்ளை தலையைக் குனிந்து கைத்தொலைபேசியில் பழம் வெட்டி விளையாடுகிறது. அதை நானே பார்த்தேன். கோபம் வந்தது. பிள்ளைமீதல்ல.

எனக்கு எதிராக மூன்று நியாயங்கள் சொல்லப்படுவதுண்டு. மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பிள்ளைகள் அடங்கமாட்டார்கள், சத்தி எடுப்பார்கள், வேறு வழியில்லை. சத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் வண்டியில் கையிலுள்ள திரையை உற்றுப் பார்க்கும்போது, கண் அசைவில்லை என்கிறது, உட்காது அசைவு உண்டு என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. தூரத்து அடிவானத்தைப் பார்த்தால் அது தணிகிறது. ஆக, சத்திக்குப் பயந்து கைத்தொலைபேசியைக் கொடுப்பது நெருப்புக்குப் பயந்து எண்ணெய் ஊற்றுவது. தேசிக்காயை மோக்கக் கொடுத்து "வெளியில பார்" என்ற நம் ஆச்சிமார் இந்த விஞ்ஞானத்தை அறியாமலே சரியாகச் செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை ஆகாது என்கிறது. அதற்கும் குறைந்த வயதில் வேண்டவே வேண்டாம் என்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் ஒரு கிழமைக்குரிய திரையை நாம் ஊட்டிவிடுகிறோம்.

இரண்டாவது, இரவுப் பயணம் வசதி. வேலை முடிந்து ஏறினால் விடியப் போய்ச் சேரலாம், ஒரு நாள் லீவு மிச்சம். இதை மறுக்கமாட்டேன். நாளாந்தம் உழைக்கிறவருக்கு ஒரு நாட் சம்பளம் பெரிது. புகையிரதத்தை நம்பலாமா என்றும் கேட்பீர்கள். 2023இலும் 2024இலும் திருத்த வேலைகளுக்காக வடக்குப் பாதை மாதக்கணக்கில் துண்டுபட்டிருந்தது உண்மைதான். அதனால் ஒவ்வொரு தடவையும் பகலிற் போங்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையின் பிராயத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை, போக்கிலோ வரத்திலோ பகலைத் தெரிவு செய்யுங்கள். மூன்று வாரம் நின்று, அதில் நான்கு நாளைக் கொழும்புக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் ஒரு பகலை வீதிக்குக் கொடுக்க முடியாதா?

மூன்றாவது நியாயம்தான் கனமானது. "எங்கட கஷ்டம் எங்களோட போகட்டும். பிள்ளைகளுக்கு ஏன் அந்தக் கதையெல்லாம்?" இதைச் சொல்பவர்களில் பலர் உண்மையாகவே வேதனைப்பட்டவர்கள். அவர்களை மதித்தே மறுக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தக் கதை சொல்லப்படாமற் போகாது. ஆனையிறவில் 1991ஆம் ஆண்டுச் சமரின் நினைவாகக் கவச புல்டோசர் ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. கிளிநொச்சியில் கொங்கிறீற் சுவரைத் துளைத்த குண்டும் அதன்மேல் தாமரையுமாக ஒரு நினைவுச்சின்னம் எழும்பி நிற்கிறது. விழுந்த தண்ணீர்த் தாங்கி போருக்குப் பின் காட்சிப்பொருளாக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தன் பக்கத்துக் கதையைச் சொல்கிறது. வெற்றியாளனின் பலகையை எந்தப் பிள்ளையும் வாசிக்கலாம். உங்கள் வீட்டுக் கதையை வாசிக்கப் பலகை இல்லை. அதற்கு உங்கள் வாய் மட்டும்தான் இருக்கிறது. அதையும் சார்ஜருக்கு ஒப்படைத்துவிட்டால்?

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். பகையை ஊட்டச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்கிறேன், நமக்கு வசதியில்லாத உண்மையையும் சேர்த்து. நமது பேருந்துகள் பல புத்தளம் வழியாகவே போகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 70,000 முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் வந்து தங்கிய மாவட்டம் அது. புத்தளத்தில் பேருந்து தேநீருக்கு நிற்கும்போது பிள்ளை "இது எந்த இடம்?" என்று கேட்டால், அந்தப் பதிலையும் சொல்லும் நேர்மை நமக்கு வேண்டும். அநுராதபுரத்துக் குளங்களைக் காட்டி, அவற்றைக் கட்டியவர்களின் அறிவையும் சொல்ல வேண்டும். சீலையை விலக்கினால் நமது பக்கம் மட்டுமல்ல, இரண்டு பக்கமும் தெரியும். சிலர் சீலையை மூடியே வைத்திருக்க விரும்புவது இதனாலும்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எல்லா வழியும் கண்ணீராக இருக்க வேண்டியதுமில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டி நிற்கும். தேங்காய் உடைப்பார்கள். இறங்கிக் கும்பிட்டு, சுடச்சுடக் கச்சான் வாங்கிக் கொடுங்கள். அரை மணித்தியாலம் பிள்ளை கோது உடைத்துக்கொண்டிருக்கும். கோதுகளைப் பையில் போடப் பழக்கினால் அதுவும் ஒரு பாடம். நொடி போடுங்கள். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டை இருக்கையில் இருந்தபடியே நடத்துங்கள். தமிழ் குறைந்த பிள்ளையென்றால் அதற்குத் தெரிந்த பாட்டையே பாடட்டும், நீங்கள் தமிழிற் பதில் பாடுங்கள். நிலையப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வரவரக் கோடு போடச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தை அந்த ஒரு பட்டியலிலேயே பாதி படித்துவிடும்.

பேருந்து உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் வெட்டும் குத்துமாக ஒரு படத்தைப் பெருஞ்சத்தத்தில் ஓடவிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையையும் அதைப் பார்க்க வைக்கிறீர்கள். அதை அணைத்துவிடுங்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பல பெற்றோர் பிள்ளையின் காதில் வேறொரு சத்தத்தைச் செருகுகிறார்கள்.

என் கோரிக்கை மிகச் சிறியது. கொழும்பிலிருந்து மதவாச்சி வரைக்கும் உங்கள் விருப்பம். களைப்பாக இருந்தால் கைத்தொலைபேசியையும் கொடுங்கள், நான் கேட்கமாட்டேன். போர்க்காலத்தில் நாம் இறங்கிச் சோதனைக்கு வரிசையில் நின்ற அந்த மதவாச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை மட்டும் அதை வாங்கிப் பையில் வையுங்கள். உங்களுடையதையும் சேர்த்து. ஏனென்றால் பெற்றோர் குனிந்திருக்கும்போது எந்தப் பிள்ளையும் நிமிராது. அந்தச் சில மணித்தியாலங்களில் பிள்ளை சலிப்படையும், முரண்டு பிடிக்கும். பிறகு வேறு வழியில்லாமல் வெளியே பார்க்கும். பார்த்தால் கேட்கும்.

என் அப்பா காலமாகிப் பல வருஷமாகிவிட்டது. நான் இப்போதும் அந்த வழியிற் போகும்போது, ஐம்பது தாண்டிய வயதிலும், ஓமந்தை கடந்ததும் என் கண் தானாகவே வெளியே தேடத் தொடங்கிவிடும். பத்துச் சதம் தர ஆளில்லை. அந்தச் சதமும் இப்போது செல்லாது. ஆனாலும் முதற் பனையைக் கண்டதும் மனம் ஒரு தடவை எழும்பி இருக்கும். ஊர் என்பதை நான் அறிந்தது அந்த ஒரு கணத்தில்தான்.

அன்று என் பக்கத்து வரிசையில் இருந்த அந்தச் சின்னவன் சீலையை விலக்கி ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய பயணத்தில் அது ஒரேயொரு தடவைதான் நிகழ்ந்தது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கலாம். அடுத்தவர் பிள்ளை, நமக்கென்ன என்று நானும் பேசாமலிருந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதினேன்.